முதலில் தலை, அப்புறம் தாடி

பீவர்டாம் ஓடை, மிசூரி
23 ஏப்ரல் 1974, செவ்வாய்

வெர்லின் அண்ணனுக்கு,

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தபாலில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நேரில் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்துவிடுவேன். போனில் பேசலாம் என்றால் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே லைனில் தொங்குகிறது. நான் ஹலோ சொல்வதற்குள் மூன்று வீட்டில் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்கிறது. அதனால் ஸ்டாம்பு ஒட்டித் திட்டுகிறேன்.

நேற்று வான்கோழி வேட்டை திறந்த முதல் நாள். தீவனக் கடையில், சுட்டதைக் காட்டிப் பதிந்துகொள்ளும் மேஜையில், நீ எதைக் கொண்டுவந்து போட்டாய் என்று ஊருக்கே தெரியும். தபால்கார ஆர்வில் என் பெட்டியில் கடிதம் போடுவதற்கு முன்பே அந்தச் சேதியை என் காதில் போட்டுவிட்டுப் போனான்.

"என்ன வெர்லின், பெட்டையையா அடிச்சிருக்க?" என்று கேட்டார்களாம்.

"தாடி இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றாயாம்.

தாடி இருந்தது. எனக்குத் தெரியாதா? எப்போதாவது ஒரு பெட்டைக்கும் சேவலைப் போல நெஞ்சில் முடிக்கொத்து முளைத்துவிடும். இவளுக்கு அது ஷூ லேஸ் மாதிரி மெலிதாகத் தொங்கும். மூன்று வருடமாக என் களஞ்சியத்துக்குப் பின்னால் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போனவள். போன கோடையில் வெட்டுக்கிளி பிடிக்க என் பீன்ஸ் பாத்திக்குள் முழுப் படையோடு வந்தாள், நான் ஒரு விரட்டு விரட்டவில்லை.

வசந்தத்தில் தாடி தெரிகிற எதையும் சுடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இந்த ஓடைக்கரையில் சட்டத்துக்கு மேல் ஒன்று இருந்தது. "முதலில் தலை, அப்புறம் தாடி." தலை சிவந்து வெளுத்திருந்தால் சேவல், சாம்பல் நீலமாக இருந்தால் பெட்டை, துப்பாக்கியை இறக்கு. இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் காதைத் தின்றவன் யார்? நீ.

என் விடலைச் சேவலை மறந்திருக்க மாட்டாய். எனக்கு அது முதல் வேட்டை. வளராத குட்டிச் சேவலைச் சுட்டுவிட்டேன் என்று அதன் சுண்டுவிரல் தாடியைக் கடைச் சுவரில் ஆணியடித்து, கீழே என் பெயரையும் எழுதி வைத்தாய். பதின்மூன்று வருடமாக அங்கேயே தொங்குகிறது. நான் மாட்டுத் தீவனம் வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் மூட்டையைத் தூக்குகிறேன்.

அந்தப் பெட்டையின் கூடு என் வேலியோரத்துத் தேவதாரு மரத்தடியில் இருந்தது. நேற்று மாலை போய்ப் பார்த்தேன். பதினொரு முட்டை. சில்லிட்டுக் கிடந்தன.

ஒரே கேள்வி. தலையைப் பார்த்தாயா?

ஒனீட்டா

*

24 ஏப்ரல்

ஒனீட்டாவுக்கு,

பார்த்தேன். பெட்டை என்று தெரிந்துதான் சுட்டேன். போதுமா?

இலையுதிர் காலத்தில் பெட்டையைச் சுட்டுப் பொரித்து, நீயும் மூன்று துண்டு தின்று, எலும்பையும் சூப்பு வைப்பாய். அப்போது அழாத கண் ஏப்ரலில் மட்டும் எதற்கு அழுகிறது? கோழி என்றால் கோழி. சட்டப்படி சுட்டேன், கடையில் பதிந்தேன், பாதியைப் பாதிரியார் வீட்டுக்குக் கொடுத்தேன். அவர் நாலு கேள்வி கேட்கவில்லை, நன்றி சொன்னார்.

இந்த மலையில் ஒரு வான்கோழி இறகுகூட இல்லாத காலம் உனக்கும் நினைவிருக்கும். எங்கிருந்தோ பிடித்து வந்து விட்ட பறவைகளை, திருட்டு வேட்டைக்காரர்களிடமிருந்து ராப்பகலாகக் காவல் காத்தவன் நான். அப்போது நீ சந்தையில் தலைமுடி சுருட்டிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு பெட்டை பாக்கியில்லையா?

வேலை இருக்கிறது. மேட்டில் அந்தக் கிழட்டுச் சேவல் டீக்கன் வேறு கத்தக் கிளம்பிவிட்டான்.

வெர்லின்

*

26 ஏப்ரல்

அண்ணனுக்கு,

இலையுதிர் காலத்துப் பெட்டையின் குஞ்சுகள் அவளை விட்டுப் பறந்து பிழைத்துக்கொள்ளும். ஏப்ரல் பெட்டை கூட்டையும் சேர்த்துக்கொண்டு சாகிறாள். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நீதான். நீ தெரியாமல் சுட்டிருந்தால் நான் இரண்டு நாள் கத்திவிட்டு உனக்குச் சோள ரொட்டி கொடுத்து அனுப்பியிருப்பேன். தெரிந்தே சுட்டேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

முட்டைகளைப் பற்றிக் கவலைப்படாதே, நீ படவும் மாட்டாய். அவள் முழுசாக அடையில் உட்காருவதற்கு முன்பே செத்திருக்க வேண்டும், அதனால் ஓட்டுக்குள் உயிர் போயிருக்காது என்று நினைக்கிறேன். என் சிவப்புக் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. பதினொன்றையும் அதன் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டேன். என்னைக் கொத்தியது, அப்புறம் சிறகை அகட்டி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது. உன்னை விட அந்தக் கோழி நெஞ்சில் கொஞ்சம் ஈரம் அதிகம்.

குஞ்சு பொரிந்ததும் உன் வாசல் வழியாகத்தான் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன். நீ முகப்பில் உட்கார்ந்து எண்ணு.

ஒனீட்டா

*

29 ஏப்ரல்

வெர்லின்,

இனிமேல் அண்ணன் கிண்ணன் எல்லாம் கிடையாது.

இன்று காலை வேட்டைக் காவல் அதிகாரி வந்தார். இளைஞர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"அம்மா, கோழி நல்லா கொழுகொழுன்னு இருக்கு. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கலாமா?"

"ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"பேரு சொல்லக்கூடாதும்மா."

"பேரு வேணாம். அந்த ஆளு மூக்கு என் மூக்கு மாதிரியே இருந்துச்சா, அதை மட்டும் சொல்லுங்க."

பாவம், சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார். காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பது குற்றமாம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் உனக்கு எழுதினேன், வேறு ஒரு உயிருக்கும் சொல்லவில்லை. முட்டைகளை வைக்கோல் பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு அபராதச் சீட்டு. என் கோழி காலி வைக்கோலில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பெட்டையைக் கொன்றாய், முட்டையையும் விடவில்லை, கூடப் பிறந்தவளைக் காட்டிக் கொடுத்தாய்.

சரி. இப்போது கேள்.

உன் டீக்கன் இருக்கிறானே, தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் அந்தக் கிழட்டுச் சேவல், நாலு வசந்தமாக நீ துரத்திக்கொண்டு அலைகிறாயே, அவனை நான் சுடப்போவதில்லை. சுட்டால் உனக்கு ஒரே நாள் வயிற்றெரிச்சல். அவனைக் கெடுக்கப்போகிறேன்.

மரப்பெட்டியை உரசிப் பெட்டை மாதிரிக் கூப்பிடுவதில் நான் உன்னை விட மேல் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நாளை முதல் விடிகிற நேரத்தில் என் பக்கத்திலிருந்து அவனைக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுவேன். தோகையை விரித்துக்கொண்டு மாப்பிள்ளை கணக்காய் வருவான். கிட்டத்தில் வந்ததும் எழுந்து நின்று ஏப்ரனை உதறுவேன். மறுநாளும் கூப்பிடுவேன், மறுநாளும் உதறுவேன். வேட்டை முடிவதற்குள் பெட்டையின் குரல் கேட்டாலே எதிர்த்திசையில் ஓடுகிற பறவையாக்கி உன்னிடம் கொடுக்கிறேன். அப்புறம் நீ எந்தப் பெட்டியை உரசினாலும் வரமாட்டான். அவன் கத்துவது மட்டும் தினமும் உன் காதில் விழும்.

ஒனீட்டா மேகார்ட்

*

1 மே

ஒனீட்டா,

பிசாசே. இரண்டு நாளாக நீ செய்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலை நான் ஒரு முறை கூப்பிட்டேன், மேட்டில் கத்திக்கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். சேவலைச் சுடலாம், தவறவும் விடலாம். வேண்டுமென்றே ஒருவனுடைய பறவையைக் கெடுப்பவளை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பக்கத்து பெஞ்சில் உட்கார விடமாட்டார்கள். அம்மா இருந்திருந்தால் உன் வாயில் சோப்புப் போட்டிருப்பாள்.

முட்டையை நான்தான் சொன்னேன். நீ சட்டத்துக்கு மேல் ஒன்று என்று பிரசங்கம் செய்தாய் அல்லவா, சட்டத்துக்குக் கீழேயும் ஒன்று இருக்கிறது என்று காட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், எரிந்து சாம்பலாகு. உன் வித்தை முழுதாகப் பலிக்கவில்லை. இன்று சூரியன் வந்த பிறகு டீக்கன் உன் குளத்து வயல் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கறுகறுவென்று உப்பி, தோகையை விரித்தபடி. ஒரு மணி நேரம் மெல்ல மெல்லக் கூப்பிட்டேன். அசையவில்லை, ஓடவும் இல்லை. கேட்டுக்கொண்டே நின்றான். துப்பாக்கி எட்டாத தூரம், உன் நிலம் வேறு. அதனால் விட்டேன். அவனுக்கு என் குரல் இன்னும் பிடிக்கிறது என்று அர்த்தம்.

இந்த வருடம் அவனை எடுத்தே தீர வேண்டும். இந்த வருடம்தான். காரணம் உனக்குத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வேட்டை முடிகிறது, அதுவரை உன் ஏப்ரனை அடுப்படியில் வைத்துக்கொள்.

வெர்லின்

*

2 மே

வெர்லின்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பப் படித்தபோது அடுப்பில் இருந்த காளான் கருகியது கூடத் தெரியவில்லை.

குளத்து வயல் கேட்டில் நின்றது டீக்கன் இல்லை. என் கறுப்பு மழைக்கோட்டு. செவ்வாய்க்கிழமை நனைந்தது, கேட்டுக் கம்பத்தில் மாட்டி, காற்றுக்கு விரித்துவிட்டு வந்தேன். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ஒரு மணி நேரம் என் மழைக்கோட்டைக் காதலித்திருக்கிறாய்.

அப்படியானால் அந்தப் பெட்டையின் தலையை நீ பார்க்கவே இல்லை. உன்னால் பார்க்க முடியவில்லை. நெஞ்சில் ஏதோ தொங்குகிறது என்று தெரிந்தது, சுட்டாய். கடையில் எல்லோரும் பெட்டை என்று சிரித்தபோதுதான் உனக்கே தெரிந்திருக்கும். அங்கே நின்று, ஆமாம் தெரிந்தே சுட்டேன் என்று சொன்னாய். எனக்கும் அதையே எழுதினாய்.

போன வாரம் ஆர்வில் கையெழுத்து வாங்க வந்தபோது நீ காகிதத்தில் போடாமல் மேஜையில் போட்டாய் என்று சொன்னான். குடித்திருப்பாய் என்று நினைத்தோம்.

எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை, எதிர்பார்க்காதே. மழைக்கோட்டுக்கும் சேவலுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு ஆளுக்கும் சேவலுக்கும் மட்டும் தெரியுமா? அந்த வயலில் ஆர்வில் காளான் பொறுக்குகிறான். நான் நடக்கிறேன், நாய் நடக்கிறது. அந்த இளம் அதிகாரியின் போன் நம்பர் அபராதச் சீட்டிலேயே இருக்கிறது. நான் லைனில் சொன்னால் போதும், அவருக்கு முன்னால் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டுவிடும், வெர்லின் மேகார்டுக்குக் கண் போச்சு என்று.

சொல்லாமல் இருக்க ஒரே வழி. இனி நீ தனியாகத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகக்கூடாது. சனிக்கிழமை நான் உன் பக்கத்தில் உட்காருகிறேன். என்ன வருகிறது என்று நான் பார்ப்பேன். நான் சேவல் என்றால் சுடு. பெட்டை என்றால் இறக்கு. நான் வாயைத் திறக்காவிட்டால் உன் விரலும் அசையக்கூடாது.

ஒனீட்டா

*

3 மே

ஒனீட்டாவுக்கு,

ஸ்பிரிங்ஃபீல்டில் கண் டாக்டரைப் பார்த்தேன், பிப்ரவரியில். இடது கண் போய்விட்டது. வலதில் நடுவில் ஒரு கறை, ஓரம்தான் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் பார்க்க முடியவில்லை. அடுத்த வசந்தத்துக்குள் ஓரமும் போய்விடும் என்றார். கண்ணாடி போட்டும் பயனில்லையாம். உன் கடிதங்களைக்கூட லென்ஸ் வைத்து ஓரக்கண்ணால்தான் படிக்கிறேன், எழுதுவதும் அப்படியே.

மேஜையில் அந்தப் பறவையைப் போட்டபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டே வழி. வெர்லின் கெட்டவன் என்று சொல்லட்டும், இல்லை வெர்லின் குருடன் என்று சொல்லட்டும். கெட்டவனை யாரும் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைக்க மாட்டார்கள். அதைத் தேர்ந்தெடுத்தேன். இன்னொரு முறை நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

நீ சொன்னபடி ஆகட்டும். உன் வாய் சொல்லாமல் என் விரல் அசையாது. இது என் வார்த்தை, இதில் நான் இதுவரை பொய்த்ததில்லை, உனக்கே தெரியும்.

டீக்கன் இனி எந்தக் கூப்பாட்டுக்கும் வரமாட்டான், உன் புண்ணியம். ஆனால் கூப்பிடாமலேயே வரவைக்கலாம். பெட்டை இரை தேடிக் கிளறுவது போலக் காய்ந்த இலையை மெதுவாகக் கையால் கிளறு. இரண்டு கிளறல், ஒரு நிறுத்தம். பெட்டைக் குரலைத்தான் நீ கெடுத்திருக்கிறாய், இலைச் சத்தத்தைக் கெடுக்கவில்லை.

மேட்டுக் கருவாலி மரத்தடிக்கு இருட்டு பிரிவதற்கு முன் வா. சிவப்பாக எதுவும் உடுத்தாதே, சேவல் தலை என்று எவனாவது சுட்டுவிடுவான்.

வெர்லின்

*

6 மே

ஒனீட்டா,

சனிக்கிழமை வீடு திரும்பும்போது ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். நீ ஊற்றிக்கொடுத்த காப்பியையும் குடித்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நீ இலையைக் கிளறினாய், நன்றாகவே கிளறினாய். வெகுநேரம் ஒன்றுமில்லை. உன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் மாட்டு வண்டியில் போனதற்குப் பிறகு நாம் அவ்வளவு ஒட்டி உட்கார்ந்ததில்லை என்று நினைத்தேன். நீ என்ன நினைத்தாயோ.

அப்புறம் உன் மூச்சு நின்றது. வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நெருங்கி வந்தது, இலை நொறுங்கும் சத்தம் ஒவ்வொரு அடியாகக் கேட்டது. துப்பாக்கியை அதன்மேல் கொண்டுபோனேன்.

"சேவலா?" என்று கேட்டேன்.

"பெட்டை. விட்ரு," என்றாய்.

கட்டைவிரலால், குண்டு பாயாமல் தடுக்கும் பூட்டைப் போட்டுத் துப்பாக்கியை மடியில் வைத்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். தோகை விரித்த சேவல் கிட்டத்தில் வரும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வரும், தூரத்தில் யாரோ டிராக்டரைக் கிளப்புகிற மாதிரி. காதில் கேட்பதற்கு முன் விலாவில் தெரியும். அந்த மாதிரிக் கனத்த சத்தத்துக்கு உனக்குச் சின்ன வயதிலேயே காது மந்தம், உனக்குக் கேட்டிருக்காது. எனக்கு இப்போது காது மட்டும்தான் இருக்கிறது. நீ பெட்டை என்று சொல்வதற்கு முன்னாலும் கேட்டது, சொன்ன பிறகும் கேட்டது.

பெட்டை உறுமாது, ஒனீட்டா.

தெரிந்துதான் பூட்டைப் போட்டேன். வார்த்தை கொடுத்திருந்தேன். உன் வாய் சேவல் என்று சொல்லவில்லை, அதனால் சுடவில்லை. அவன் நிதானமாக நின்று, உறுமி, பிறகு நடந்து போனான். போகிற சத்தத்தை முழுவதும் கேட்டேன்.

நான் கண் தெரியாமல் ஒன்றைச் சுட்டேன். நீ நன்றாகக் கண் தெரிந்து எனக்கு ஒன்றைச் சொன்னாய். எது மோசம் என்று நான் பாதிரியாரிடம் கேட்கப்போவதில்லை. உனக்குத் தெரியும்.

துப்பாக்கியை ஆர்வில் வண்டியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், காலியாகத்தான் இருக்கிறது. பெட்டையின் தாடியை அந்த இரட்டைக் குழலில் சுற்றியிருக்கிறேன். அதைக் கடைச் சுவரில் உன் விடலைத் தாடிக்குப் பக்கத்தில் அடி. கீழே என் பெயரை எழுது. கண் தெரியாமல் சுட்டான் என்றும் எழுது. இனி அது தெரிந்தாலும் ஒன்றுதான்.

வெர்லின்

*

8 மே

அண்ணனுக்கு,

அது டீக்கன்தான்.

என் அடுப்புக்கும் கதவுக்கும் இருக்கிற தூரத்தில் நின்றான். தலை வெள்ளை வெளேரென்று, கழுத்து ரத்தச் சிவப்பாக, தாடி தரையைப் பெருக்கியது. நான் அன்று காலை சேவல் என்று சொல்லத்தான் வந்தேன். நீ நம்பினால் நம்பு. அவனைப் பார்த்ததும் அந்தப் பெட்டி நிறைய முட்டை, என் காலி வைக்கோல், கடைச் சுவரில் என் பெயர், எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. இவன் நடந்துகொண்டே இருக்க உனக்கு இருட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது எனக்கு ருசித்தது. பொய் சொல்லமாட்டேன், ருசித்தது.

உன் குழலை அப்போதுதான் பார்த்தேன். அது சரியாக அவன் கழுத்தடியில் நின்றது. கண் தெரிகிற எவனும் அவ்வளவு சரியாகப் பிடித்திருக்க மாட்டான். ஒரு விரல் அசைந்திருந்தால் போதும், நீ அசைக்கவில்லை. உனக்குத் தெரியவில்லை என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். காப்பி ஊற்றும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முட்டைக்கு நீயும் கேட்கவில்லை.

தாடியை நேற்று கடையில் அடித்துவிட்டேன். உன் பெயரை எழுதினேன். கண்ணைப் பற்றி எழுதவில்லை, நீ கெட்டவனாகவே இருந்துகொள். "தங்கச்சியே வந்து அடிக்கிறா பாரு," என்று சிரித்தார்கள். என் விடலைத் தாடியைக் கழற்றிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன், கழற்றிக் கொடுத்தார்கள். கையில் வைத்துப் பார்த்தேன், பிறகு அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

துப்பாக்கி என் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணெய் போட்டிருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் உன் கையைப் பிடித்து அந்த மேட்டுக்கு நான்தான் கூட்டிப்போவேன், நீ எவ்வளவு கத்தினாலும். டீக்கன் வருவான். நான் சேவல் என்று சொல்வேன். சத்தியமாகச் சேவலாகத்தான் இருக்கும்.

நீ நம்பலாமா என்று ஒரு நொடி யோசிப்பாய். அந்த நொடியில் அவன் போய்விடுவான். எனக்கு இந்தப் பழிவாங்கலில் மிஞ்சியது அவ்வளவுதான்.

ஒனீட்டா